பூட்டுப் படம் இருந்தால் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் நாம் முதலில் திறப்பது பிரவுசரைத்தான். செய்தி படிப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, மின் கட்டணம் கட்டுவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது என எல்லாமே அந்த ஒரு விண்டோவிற்குள் நடக்கிறது. வைரஸ் வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆண்ட்டி வைரஸ் போட்டுவிட்டால் அந்தப் பயமும் போய்விடுகிறது. ஆனால் வைரஸ் எதுவும் வராமலேயே, நாமே நம் கையால் டைப் செய்து கொடுத்து ஏமாறும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு ஆண்ட்டி வைரஸ் மட்டும் போதாது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் மாலை பென்ஷன் வந்துவிட்டதா என்று பார்க்க, தேடுதல் தளத்தில் தன் வங்கியின் பெயரை டைப் செய்திருக்கிறார். பட்டியலில் முதலாவதாக வந்த லிங்க்கில் கிளிக் செய்தார். வழக்கமான வங்கித் தளம் போலவே ஒரு பக்கம் வந்தது. யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்தார். ஓடிபி கேட்டது, கொடுத்தார். "சர்வர் பிஸி, மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. மீண்டும் முயற்சித்து இன்னொரு ஓடிபியும் கொடுத்தார். சற்று நேரத்தில் அவருடைய கணக்கிலிருந்து 38,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது.

மறுநாள் என்னிடம் வந்தவர் சொன்னது இதுதான்: "அட்ரஸுக்குப் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சே தம்பி. பூட்டு இருந்தா பயப்பட வேண்டாம்னு பத்திரிகையில எல்லாம் எழுதுறாங்களே!"

அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன். பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லி வந்த அறிவுரை அது. அந்த அறிவுரை ஏன் இப்போது போதவில்லை, அதற்குப் பதிலாக எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம்.

பூட்டு எதைச் சொல்கிறது?

நாம் ஒரு தளத்தில் டைப் செய்வது நேராக அந்தத் தளத்திற்குப் போய்விடுவதில்லை. வீட்டில் உள்ள மோடம், இணைப்பு தரும் நிறுவனம், நடுவில் உள்ள பல கம்ப்யூட்டர்கள் ஆகியவற்றைக் கடந்துதான் போகிறது. முன்பு பெரும்பாலான தளங்களுக்கு இந்தப் பயணம் அஞ்சலட்டை போல நடந்தது. வழியில் யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம். முகவரியின் தொடக்கத்தில் ஹெச்டிடிபி என்று இருந்தால் அது அஞ்சலட்டை. அதனுடன் 'எஸ்' சேர்ந்து ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் அது ஒட்டிய கவர். நடுவில் இருப்பவர் கவரைப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாது. இந்த முறையை நெட்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டு வந்தது. இதன் அடையாளம்தான் பூட்டுப் படம்.

ஆக, பூட்டு சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் எழுதும் கடிதம் கவரில் ஒட்டப்பட்டு, முகவரியில் உள்ள வீட்டிற்குப் பத்திரமாகப் போய்ச் சேரும். அந்த வீடு வங்கியினுடையதா, திருடனுடையதா என்பது பூட்டின் வேலை இல்லை.

அப்படியானால் முன்பு ஏன் பூட்டைப் பார்க்கச் சொன்னோம்? அன்று ஒரு தளத்திற்குப் பூட்டு வாங்க வேண்டுமானால், சான்றிதழ் தரும் நிறுவனங்களுக்குப் பணம் கட்ட வேண்டும். பல நேரங்களில் நிறுவனத்தின் ஆவணங்களையும் காட்ட வேண்டும். சில நாட்கள் மட்டுமே வைத்திருந்து மூடிவிடப் போகும் போலித் தளத்திற்கு யாரும் அவ்வளவு செலவு செய்வதில்லை. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இந்தச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஒரு முகவரியைச் சொந்தமாக வைத்திருந்தால் போதும், சில நிமிடங்களில் கிடைத்துவிடும். இது உலகிற்கு நல்லதுதான். இன்று சிறிய தளங்கள் கூட ஒட்டிய கவரில் பேசுகின்றன. ஆனால் அதே இலவசப் பூட்டு ஏமாற்றுக்காரருக்கும் கிடைக்கிறது.

பூட்டின் பொருளை மக்கள் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதைக் கூகுள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2021ல் அது நடத்திய ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு மட்டுமே பூட்டின் சரியான பொருள் தெரிந்திருந்தது. எனவே 2023 செப்டம்பரில் வந்த குரோம் 117 ஆம் பதிப்பில் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு கோடுகளில் இரண்டு வட்டங்கள் உள்ள ஓர் ஐகானை வைத்துவிட்டார்கள். பூட்டைக் காணோமே என்று குரோமில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் பிரவுசர் கெட்டுப்போகவில்லை.

தபால்காரர் படிப்பது போலப் படியுங்கள்

பூட்டை விட்டுவிட்டு நாம் படிக்க வேண்டியது அதன் வலது பக்கத்தில் இருக்கும் முகவரியை. ஆங்கில எழுத்துக்களைப் பார்த்தே பழகாதவர்கள் கூட இதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒரு தபால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மேலிருந்து கீழாக எழுதுகிறோம்: பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. ஆனால் தபால் துறை அதைக் கீழிருந்துதான் படிக்கிறது. முதலில் பின்கோடு, பிறகு ஊர், அப்புறம்தான் தெருவும் கதவு எண்ணும். காந்தி தெரு எந்த ஊரிலும் இருக்கும். எந்த ஊர் காந்தி தெரு என்பதைக் கடைசி வரிதான் சொல்லும்.

இணைய முகவரியும் அப்படித்தான். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 'நம்வங்கி' என்று ஒரு கற்பனை வங்கியை வைத்துப் பார்ப்போம். (ஆங்கிலத்தில் இருப்பதை வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.) அதன் உண்மையான முகவரி நம்வங்கி.காம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரவுசரில் இப்படி ஒரு முகவரி தெரிகிறது:

நெட்பேங்கிங்.நம்வங்கி.காம்/லாகின்

முதலில், இதில் வரும் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். (தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் என்பதற்குப் பின் வரும் இரட்டைக் கோட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.) அந்த ஒற்றைக் கோட்டிற்குப் பின் இருப்பதெல்லாம் வீட்டிற்குள் உள்ள அறைகள். அதை மறந்துவிடுங்கள். கோட்டிலிருந்து இடது பக்கமாக வாருங்கள். முதலில் 'காம்', அதற்கு முன் 'நம்வங்கி'. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வீட்டின் உரிமையாளர். அதற்கும் இடப்பக்கம் உள்ள 'நெட்பேங்கிங்' என்பது உரிமையாளர் தன் விருப்பப்படி வைத்துக்கொண்ட பெயர். ஆகவே இது உண்மையான தளம்.

அடுத்து இதைப் பாருங்கள்:

நம்வங்கி.காம்.லாகின்-அப்டேட்.சைட்/நெட்பேங்கிங்

இடமிருந்து படித்தால் 'நம்வங்கி.காம்' என்று பளிச்சென்று தெரியும். பலரும் அத்துடன் நிறுத்திவிடுவார்கள். கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'சைட்', அதற்கு முன் 'லாகின்-அப்டேட்'. உரிமையாளர் லாகின்-அப்டேட்.சைட் என்ற யாரோ. 'நம்வங்கி.காம்' என்பது அந்த யாரோ தன் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகை. என் வீட்டு வாசலில் நான் ராஷ்டிரபதி பவன் என்று எழுதி வைக்கலாம், தடுக்க ஆள் இல்லை.

இன்னொன்று: நம்வங்கி-கஸ்டமர்கேர்.இன். இதில் நம்வங்கி என்ற பெயருக்குப் பின் புள்ளி இல்லை, சிறு கோடு இருக்கிறது. புள்ளிதான் பெயர்களைப் பிரிக்கும். சிறு கோடு பிரிக்காது, அதுவும் பெயரில் ஓர் எழுத்து போலத்தான். எனவே 'நம்வங்கி-கஸ்டமர்கேர்' என்பது முற்றிலும் வேறு ஆளின் பெயர். உங்கள் ஊரில் ஒரு பிரபலமான ஜவுளிக்கடையின் பெயருடன் 'புதிய' என்றோ 'ஒரிஜினல்' என்றோ சேர்த்து வேறொருவர் கடை போட்டிருப்பாரே, அந்த வகை.

சில முகவரிகள் இந்தியாவில் கோ.இன், கவ்.இன் என்று முடியும். அங்கே மட்டும் கடைசி இரண்டையும் சேர்த்துப் பின்கோடாக எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பெயரைப் பாருங்கள். கவ்.இன் என்ற முடிவு அரசுத் துறைகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும் தளம் பாஸ்போர்ட்இந்தியா.கவ்.இன். இதே போன்ற பெயர்களில் காம், ஆர்க் என்று முடியும் போலித் தளங்கள் கூடுதல் கட்டணம் வசூலித்ததால் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட வேண்டி வந்தது. கோ.இன் அப்படியல்ல, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ரயில் டிக்கெட் தளம் ஐஆர்சிடிசி.கோ.இன் என்பது உண்மையான தளம்தான். ஆனால் கோ.இன் என்று முடிவதாலேயே ஒன்றை நம்பிவிடக் கூடாது.

வங்கிகளுக்கு இப்போது ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. வங்கிகளுக்கு மட்டும் பேங்க்.இன் என்ற தனி முடிவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31க்குள் அதற்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. இதை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே வழங்குகிறது. ஸ்டேட் பேங்க்கின் முகவரி எஸ்பிஐ.பேங்க்.இன். உங்கள் வங்கியின் முகவரி சாய்வுக்கோட்டிற்கு முன்னால் பேங்க்.இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். இதை இவ்வளவு தாமதமாகச் செய்தார்களே என்று எனக்குச் சற்று வருத்தம் உண்டு.

குரோம் பிரவுசர் முகவரியின் தொடக்கப் பகுதியை மறைத்துத்தான் காட்டும். முழுவதும் தெரிய வேண்டுமானால், அட்ரஸ் பாரில் ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் 'ஆல்வேஸ் ஷோ புல் யுஆர்எல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். ஒரு லிங்க்கில் கிளிக் செய்வதற்கு முன், மவுஸ் பாயிண்டரை அதன் மீது சும்மா வைத்தால், பிரவுசரின் கீழே இடது மூலையில் அது எங்கே போகிறது என்று தெரியும். மொபைல் போனின் சிறிய திரையில் இவ்வளவு வசதி இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பண விஷயங்களைக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணை ஏமாற்றும் எழுத்துக்கள்

சரியாகப் படித்தும் ஏமாற ஒரு வழி இருக்கிறது. தமிழில் 'எ' என்ற எழுத்தையும், ஏழைக் குறிக்கும் '௭' என்ற பழைய தமிழ் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஆங்கிலத்திலும் இப்படி உண்டு. சிறிய 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் 'எம்' போலத் தெரியும். பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் ஒன்று போலவே இருக்கும். ரஷ்ய மொழியின் சில எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் அச்சாகவே இருக்கின்றன. 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர், ரஷ்ய வகை எழுத்துக்களை மட்டுமே வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலத் தெரியும் ஒரு முகவரியை உண்டாக்கிக் காட்டினார். கூகுள் நிறுவனம் குரோம் 58 ஆம் பதிப்பில் இதற்குத் திருத்தம் செய்தது.

இதைக் கண்ணால் பிடிக்க முயல வேண்டாம். இரண்டு எளிய பழக்கங்கள் போதும்.

முதலாவது, வங்கிக்கோ பணம் கட்டும் தளங்களுக்கோ தேடுதல் தளம் வழியாகப் போகாதீர்கள். தேடல் முடிவுகளில் மேலே வருபவை பல நேரங்களில் விளம்பரங்கள். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். காசு கொடுத்தால் அந்த இடம் கிடைக்கும். ஆசிரியர் கிளிக் செய்தது அப்படி ஒன்றைத்தான். பாஸ்புக்கிலோ வங்கி தந்த கடிதத்திலோ உள்ள முகவரியை ஒரு முறை நிதானமாக டைப் செய்து என்டர் தட்டுங்கள். சரியான தளம்தான் என்று பார்த்தபின் கண்ட்ரோல் + டி கீகளை அழுத்தினால் அது புக்மார்க் ஆகிவிடும். கண்ட்ரோல் + ஷிப்ட் + பி அழுத்தினால் புக்மார்க் வரிசை அட்ரஸ் பாரின் கீழே நிரந்தரமாக நிற்கும். அடுத்த முறையிலிருந்து அங்கே கிளிக் செய்தே போகலாம்.

இரண்டாவது, பாஸ்வேர்டை பிரவுசரிலேயே சேமித்து வைப்பது. இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டிற்கு வருபவர் யாரும் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்துவிடாதபடி விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்டோ பின் எண்ணோ வைத்திருந்தால், இது நல்ல வழி என்பதே என் கருத்து. காரணம், பிரவுசர் தளத்தின் தோற்றத்தைப் பார்த்து மயங்குவதில்லை. சேமித்த முகவரியும் இப்போதுள்ள முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் பாஸ்வேர்டை நிரப்பும். ரஷ்ய எழுத்து அதனிடம் பலிக்காது. ஒரு நாள் வழக்கமாக நிரம்பும் கட்டம் காலியாக இருந்தால், "இதற்கு என்ன ஆயிற்று?" என்று நீங்களே டைப் செய்யத் தொடங்காமல், முகவரியை ஒரு முறை படியுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. நினைவில் வைக்கத் தேவையில்லை என்பதால் ஒவ்வொரு தளத்திற்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் வைக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவருக்கு, ஏதோ ஒரு சிறிய தளத்தில் அது திருடு போனாலும் மற்ற எல்லாம் திறந்துவிடும்.

ஓடிபி இருக்கிறதே என்று கேட்கலாம். ஆசிரியரிடமும் இருந்தது. அவர் போலித் தளத்தில் டைப் செய்த அதே நேரத்தில், மறுமுனையில் இருந்தவர்கள் அந்த விவரங்களை உண்மையான வங்கித் தளத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வங்கி அனுப்பிய ஓடிபி உண்மையானது. அதை அவர் கொடுத்த இடம்தான் தவறு. இரண்டாவது ஓடிபி எஸ்எம்எஸ்ஸை அவருடைய போனில் பிறகு பார்த்தேன். பணம் அனுப்புவதற்கானது என்றும், தொகை 38,000 என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நாம் எல்லோரும் எண்ணை மட்டும் பார்க்கிறோம், மீதியைப் படிப்பதில்லை.

"உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்!"

என் உறவினர் ஒருவர் தன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனார். திரையின் வலது கீழ் மூலையில் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை "வைரஸ் இருக்கிறது, உடனே நீக்கவும்" என்று செய்தி வந்துகொண்டிருந்தது. கடையில் எல்லாவற்றையும் அழித்து பார்மட் செய்து கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டார்கள். குழந்தையின் பிறந்த நாள் போட்டோக்களும் அத்துடன் போய்விட்டன. அங்கே வைரஸே இல்லை. ஒரே ஒரு கிளிக்கில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

பல தளங்களுக்குப் போனவுடன், அட்ரஸ் பாரின் கீழே "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?" என்று ஒரு சிறிய கட்டம் வரும். அதில் 'அலவ்' என்று கிளிக் செய்துவிட்டால், பிறகு நீங்கள் அந்தத் தளத்தில் இல்லாத போதும் அது உங்கள் திரைக்குச் செய்தி அனுப்பலாம். மோசமான தளங்கள் இதை வைத்து வைரஸ் எச்சரிக்கை போன்ற விளம்பரங்களை அனுப்புகின்றன. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்" என்று கேட்டால் நிச்சயமாக அழுத்தாதீர்கள்.

ஏற்கனவே அழுத்திவிட்டீர்களா? குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என வரிசையாகச் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் அமைத்துவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எந்த நஷ்டமும் இல்லை.

இதன் அண்ணன் ஒருவன் உண்டு. திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, சைரன் சத்தத்துடன் "கம்ப்யூட்டர் லாக் செய்யப்பட்டது, இந்த எண்ணுக்கு போன் செய்யவும்" என்று வரும். மைக்ரோசாப்ட் பெயரும் இருக்கும். அது வெறும் ஒரு வெப் பக்கம். முழுத் திரையை எடுத்துக்கொண்டு பயமுறுத்துகிறது. மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதில்லை. எஸ்கேப் கீயைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத் திரையிலிருந்து வெளியே வந்துவிடும். பிறகு ஆல்ட் + எப்4 கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்திடுங்கள். மீண்டும் பிரவுசரைத் திறக்கும்போது, பழைய பக்கங்களைத் திருப்பித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். எதிர்முனையில் பேசுபவர் மிகவும் மரியாதையாகப் பேசி, உங்கள் கம்ப்யூட்டரை அவர் இயக்குவதற்கான புரோகிராமை உங்களைக் கொண்டே இன்ஸ்டால் செய்ய வைப்பார்.

யார் பின்னால் வருகிறார்கள்?

பணம் போவது ஒரு பக்கம். நாம் எங்கெல்லாம் போகிறோம் என்பதை ஒருவர் குறித்துக்கொண்டே வருவது இன்னொரு பக்கம். காலையில் ஒரு தளத்தில் மிக்ஸி விலை பார்த்திருப்பீர்கள். மாலையில் செய்தித் தளத்தைத் திறந்தால் அதே மிக்ஸி அங்கே விளம்பரமாக நிற்கும். இதற்குக் காரணம் குக்கி.

பெரிய ஜவுளிக்கடையில் நுழையும்போது பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்களே, குக்கி அது போன்ற டோக்கன்தான். 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்பவர் உருவாக்கியது. நீங்கள் லாகின் செய்தவர் என்பதையும், கூடையில் என்ன போட்டீர்கள் என்பதையும் தளம் இதை வைத்துத்தான் நினைவில் கொள்கிறது. இது தேவையான டோக்கன். ஆனால் ஒரே விளம்பர நிறுவனத்தின் ஆள் ஊரில் உள்ள எல்லாக் கடை வாசலிலும் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் காட்டும் ஒரே டோக்கனைக் குறித்துக்கொண்டால்? நீங்கள் எந்தக் கடைக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்ற முழுப் பட்டியலும் அவரிடம் சேர்ந்துவிடும். இதற்குத் தேர்ட் பார்ட்டி குக்கி என்று பெயர். மிக்ஸி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நோயைப் பற்றியோ கடனைப் பற்றியோ படித்ததும் அந்தப் பட்டியலில் ஏறும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆப்பிளின் சபாரி 2020லும், பயர்பாக்ஸ் 2022லும் இந்த வேலையைத் தாமாகவே தடுக்கும்படி மாறின. குரோமிலும் எடுத்துவிடப் போவதாக 2020ல் அறிவித்த கூகுள், பல முறை தள்ளிப்போட்டு, 2024ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் வேறென்ன செய்யும்? எனவே குரோமில் நீங்களேதான் தடுக்க வேண்டும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ் எனச் சென்று 'பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். எப்போதாவது ஒரு தளம் சரியாக வேலை செய்யாவிட்டால், அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இன்காக்னிடோ விண்டோவில் (கண்ட்ரோல் + ஷிப்ட் + என்) சென்றால் யாருக்கும் தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த விண்டோவை மூடியதும் ஹிஸ்டரி, குக்கி போன்றவை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து போய்விடும், அவ்வளவுதான். நீங்கள் போன தளத்திற்கும், இணைப்பு தரும் நிறுவனத்திற்கும், ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்ப்பவருக்கும் நீங்கள் வந்தது தெரியும். இதுபற்றி அமெரிக்காவில் 2020ல் தொடரப்பட்ட வழக்கில், இன்காக்னிடோவில் சென்றவர்களைப் பற்றிச் சேர்த்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024ல் ஒப்புக்கொண்டது. உறவினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைப் பார்க்க வேண்டுமானால் இந்த விண்டோ நல்லது, லாக் அவுட் செய்ய மறந்தாலும் காப்பாற்றும். பிரவுசிங் சென்டரில் வங்கி வேலை மட்டும் எந்த விண்டோவிலும் வேண்டாம்.

பிரவுசருடன் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களிலும் கவனம் தேவை. இன்ஸ்டால் செய்யும்போது "எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி கேட்டால், அது வங்கிப் பக்கத்தையும் சேர்த்துத்தான். நேரம் காட்டும் கடிகாரத்திற்கு எதற்கு அந்த அனுமதி?

பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஆதரவு 2022 ஜூனில் முடிந்துவிட்டது, அதைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. கடைக்காரர் "நன்றாக ஓடுகிறது சார்" என்பார். ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் முன்பு போல வழக்கமாக அடைக்கப்படுவதில்லை. விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்திடுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். சைபர்கிரைம்.கவ்.இன் என்ற தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். அத்துடன் வங்கிக்கும் சொல்லி நெட் பேங்கிங்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் எதையும் அழிக்க வேண்டாம். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்கு வேகமாகத் தாவிக்கொண்டே இருக்கும். அது எடுக்கப்படுவதற்கு முன் புகார் போய்ச் சேர்ந்தால், நடுவில் ஏதாவது ஒரு வங்கியில் நிறுத்தி வைக்க முடியும்.

ஆசிரியர் அன்று இரவு யாரிடமும் சொல்லவில்லை. பையனுக்குத் தெரிந்தால் திட்டுவானே என்று தூங்காமல் இருந்துவிட்டு, காலையில்தான் என்னிடம் வந்தார். 38,000ல் 9,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டு, சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. மீதி இரவிலேயே எடுக்கப்பட்டிருந்தது.